தாத்தாவின் கையும் என் லட்சியமும்

எங்க தாத்தாவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று நாள் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு 4 மணி நேரம் ஆகும். லீவு நாளில் நான்தான் துணைக்குப் போவேன்.

அங்கே மெஷின் பக்கத்தில் ஒரு அக்கா நிற்பார். நர்ஸ் என்று நினைத்தேன். "இல்லம்மா, நான் டயாலிசிஸ் டெக்னீசியன். அரசு மருத்துவக் கல்லூரியில பி.எஸ்சி. படிச்சேன்" என்றார். பயிற்சியோடு சேர்த்து 4 வருடமாம். ஊசி போடுவது, மெஷினைக் கவனிப்பது, பிரஷர் இறங்குதா என்று பார்ப்பது எல்லாம் அவர் வேலை.

தாத்தா கையில் தமனியையும் சிரையையும் ஆபரேஷன் செய்து இணைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. தொட்டால் 'கிர்'ரென்று அதிரும். "தினமும் தொட்டுப் பாரு. அதிரலைன்னா உடனே கூட்டிட்டு வந்துடணும்" என்று அக்கா சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் காலையில் அதிரவே இல்லை. அழுதுவிட்டேன். தாத்தா சிரித்தார். தூக்கக் கலக்கத்தில் நான் அடுத்த கையைத் தொட்டிருக்கிறேன்!

நானும் அந்தப் படிப்புதான் படிக்கப் போகிறேன். அதற்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுக்கணும். ஆனால் காலாண்டில் அறிவியலில் என் மார்க் 43. "சயின்ஸ் குரூப் உனக்கு வராது" என்கிறார் அப்பா. தாத்தா மட்டும் "அவ படிக்கட்டும்டா" என்றார்.

அரையாண்டில் 70 எடுப்பேன். அறிவியல் டீச்சரும் இதைப் படிப்பார்கள். சுவரில் ஒட்டியாச்சு, இனி பின்வாங்க முடியாது!