ஒரே மரத் தோப்பு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையின்போது, பொள்ளாச்சிக் கடைவீதியிலிருந்து அப்பா ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். உடன் வந்த மஞ்சள் நிறக் கேசட்டின் மேல் 9999999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருந்தது. ஆனைமலையில் எங்கள் தோட்டத்து வீட்டில், அண்ணன் தம்பி இருவரும் அன்றிரவு வெகுநேரம் அந்தப் பட்டியலை உருட்டிக்கொண்டே இருந்தோம். சில பக்கங்களுக்குள் உண்மை விளங்கிவிட்டது. குழாய்க்குள் இறங்கும் மீசைக்காரர், காட்டில் சுட்டுக்கொண்டே ஓடும் இரு சிப்பாய்கள், பீரங்கி வண்டி, வாத்து வேட்டை; இன்னும் ஓரிரண்டு. அவ்வளவுதான். நடுக்கட்டத்திலிருந்து தொடங்கினால் ஒரு பெயர், நிறம் மாறினால் இன்னொரு பெயர். "அத்தன ஆட்டத்தையும் ஆடி முடிக்க எத்தன வருசமாகும் கண்ணு?" என்று அப்பத்தா கேட்டார். அவரிடம் உண்மையைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. திரையரங்க வசூலை எப்போதோ தாண்டிவிட்ட பெருந்தொழில் இது. ஆனாலும் கைபேசியில் விளையாட்டுகளின் பட்டியலை உருட்டும்போதெல்லாம் அந்த மஞ்சள் கேசட்தான் நினைவுக்கு வருகிறது. பெயர்கள் ஆயிரம், ஆட்டங்கள் நாலைந்து. இந்த ஒரேவிதத் தன்மையோடு இத்தொழில் நிலைத்திருக்க இயலுமா என்பது எங்களுக்குள் பல ஆண்டுகளாக நடக்கும் வழக்கு.

இக்கேள்விக்கு வரலாறு ஒருமுறை விடை சொல்லியிருக்கிறது. 1982இல் அமெரிக்காவில் வீடியோ கேம் என்றால் அடாரி. விற்றதைப் பார்த்து விற்றதையே எல்லோரும் செய்தார்கள். 'ஈ.டி.' திரைப்படத்தை ஒட்டிய விளையாட்டு, கிறிஸ்துமஸ் சந்தையைப் பிடிப்பதற்காக ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் எழுதப்பட்டது. கடைகளில் சரக்கு தேங்கியது. 1983இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் லாரிகளில் கொண்டுபோய்க் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். 2014இல் தோண்டியபோது அந்தக் கேசட்டுகள் வெளிப்பட்டன. 300 கோடி டாலருக்கு மேல் இருந்த அமெரிக்க வீட்டு விளையாட்டுச் சந்தை, 1985 வாக்கில் சுமார் 10 கோடிக்குச் சுருங்கிற்று.

இவ்வளவு தெரிந்தும் ஏன் மீண்டும் அதையே செய்கிறார்கள்? பேராசை என்று சொல்லிவிடுவது எளிது. தென்னை வைத்தவர்களாகிய எங்களுக்கு அச்சம் என்றே தோன்றுகிறது. 2020இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தை உருவாக்க ஏறத்தாழ 22 கோடி டாலர் செலவானது என்று 2023இல் அமெரிக்க நீதிமன்ற ஆவணமொன்றின் வழியே தெரிய வந்தது. அவ்வளவு முதல் போடுகிறவன், ஏற்கெனவே விற்றதன் சாயலில்தான் அடுத்ததையும் செய்வான். ஆனால் பெரிய விளையாட்டு ஒன்று முடிய ஐந்தாறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றைய சந்தையைப் பார்த்து ஊன்றுவது, நாளைய சந்தையில் காய்க்கிறது. சோனியின் 'கான்கார்ட்' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டது. அதே வகைச் சுடும் விளையாட்டுகள் இலவசமாகவே கிடைக்கும் காலத்தில் அது வந்து சேர்ந்தது. பல ஆண்டு உழைப்பு. இரண்டு வார ஆயுள்.

எங்கள் கதையும் இதுதான். அப்பாரு காலத்தில் கடலையும் பருத்தியும் நெல்லும் இருந்த மண். பரம்பிக்குளம் ஆழியாறு நீர் வந்த பிறகு, காய்க்கு விலை கிடைத்ததைப் பார்த்து, தெற்கே மலையடிவாரம் வரை தென்னையாயிற்று. ஆள் கூலி குறைவு, வருமானம் நிச்சயம் என்றார்கள். தவறென்று சொல்ல முடியாது. எங்களைப் படிக்க வைத்தது தென்னைதான். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ கண்டறியப்பட்டது. ஓலைகளில் கரும்பூசணம் படர்ந்தது. பின்னால் வேர்வாடல் நோய் வந்தது. அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது, மரத்தை வெட்டி அகற்றத்தான் வேண்டும். ஒரே வகை மரங்கள் இடைவெளியின்றி நின்ற பூமியில், நோய்க்கு வழி தேடும் சிரமமே இருக்கவில்லை. அப்பா கைப்பட வைத்த மரங்களில் ஒரு வரிசையை நாங்களே ஆள் வைத்து வெட்டினோம்.

ஆயினும், தொழில் அழிந்துவிடும் என்று கூறவும் தயக்கமாக இருக்கிறது. இலங்கையில் 1869இல் காப்பிச் செடிகளில் துரு நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் பெருந்தோட்டங்கள் குலைந்தன. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். தோட்டத் தொழிலைக் கரையேற்றியது ஓரத்தில் கிடந்த அந்தத் துண்டு நிலம்தான். அடாரியின் வீழ்ச்சிக்குப் பின் அமெரிக்கச் சந்தையை மீட்டதும், 1889இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிண்டெண்டோ. ஆகவே பன்மை என்பது அலங்காரமன்று, விதைநெல். தொழில் பிழைத்துக்கொள்ளும். பிழைக்காதவர்கள் வேறு: கடனில் மூழ்கிய காப்பித் தோட்டக்காரர்கள், பிழைப்பிழந்த தமிழ்க் கூலிகள், 2023இல் மட்டும் வேலையிழந்ததாகக் கணக்கிடப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுத் துறை ஊழியர்கள்.

விதைநெல் இன்றும் இருக்கிறது. 2023இல் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'வில் துப்பாக்கி இல்லை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், சிதைந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி வார்க்கிறாள். மகன் மெல்ல மெல்லத் தமிழிலிருந்து விலகுகிறான். 2024இல் அது பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருதைப் பெற்றது. ஒரே ஒருவர் உருவாக்கிய 'பலாட்ரோ' என்னும் சீட்டு விளையாட்டு, 2024இல் வெளியான முதல் மாதத்திலேயே பத்து லட்சம் பிரதிகள் விற்றது. ஆனால் விதைநெல்லைக் குத்தித் தின்னும் வீடுகளும் உண்டு. தாளத்துக்கேற்பச் சண்டையிடும் 'ஹை-ஃபை ரஷ்' பாராட்டுகளை அள்ளிய பிறகும், அதைச் செய்த டேங்கோ நிறுவனத்தை மூடுவதாக 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பின்னர் அதை வாங்கிக் காத்தது, பப்ஜியால் பொருளீட்டிய தென்கொரியாவின் கிராஃப்டன் என்பது விந்தைதான். ஒற்றைப் பயிரில் வந்த லாபம் ஓரத்து நிலத்துக்கு நீர் பாய்ச்சுமானால், அதைக் குறை சொல்வதற்கில்லை.

வெட்டிய வரிசையில் என்ன வைப்பது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை. மறுபடியும் தென்னையே, சந்தை அதற்குத்தானே இருக்கிறது என்கிறார் அண்ணன். மீந்த மரங்களின் நிழலில் ஜாதிக்காயும் மிளகும் வைக்கலாம் என்பது தம்பியின் கட்சி. போன ஐப்பசி மழையில் பத்து ஜாதிக்காய்க் கன்றுகளை மட்டும் ஊன்றியிருக்கிறோம். காய்க்கச் சில ஆண்டுகளாகும். யார் சொன்னது சரியென்று அதுவரை தெரியப்போவதில்லை. இப்போதைக்கு இருவரும் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறோம்.