எண்பத்து நான்கு கட்டங்கள்

இரவு ஒன்பதே கால். அண்ணை கத்தரிக்கோலை எடுத்துப் பாக்கெட்டின் வாயை ஓரம் பிசகாமல் வெட்டுகிறார். பல்லால் கிழித்தால் பொடி சிந்தும். சிந்தினால் ராத்திரிச் சாப்பாடு அவ்வளவுக்குக் குறையும். ஷேக்கரில் தண்ணீரை அளந்து ஊற்றி, பொடியைக் கொட்டி, மூடியை இறுக்கி, மனசுக்குள் எண்ணிக்கொண்டே குலுக்குகிறார். உள்ளே கிடக்கிற கம்பிப் பந்து கலகலக்கிறது. நின்றபடியே குடிக்கிறார். கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்கிறார். அடி மூலையில் கட்டிதட்டிய பொடி ஒரு துளி ஒட்டியிருக்கிறது. சுண்டுவிரலை விட்டு வழித்து நாக்கில் தடவுகிறார். பிறகு ஃபிரிட்ஜுக்கு எதிரே போய் நிற்கிறார். கதவில் மகள் ஒட்டிவைத்த தாளில் எண்பத்து நான்கு கட்டங்கள். பச்சைப் பேனாவால் ஒன்றை நிரப்புகிறார். பன்னிரண்டாவது கட்டம்.

சமையலறையைக் குசினி என்றுதான் அண்ணையின் வீட்டில் சொல்வார்கள். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம். மாடியில் கட்டில் போட்டதும் நிரம்பிவிடுகிற சின்ன அறை என்னுடையது. கும்பகோணத்திலிருந்து படிக்க வந்தேன். மாணவ விசாவில், படிப்பு நடக்கும் காலத்தில், வாரம் இருபது மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அண்ணை வேலை செய்கிற பெட்ரோல் பங்கிலேயே சனி, ஞாயிறு எனக்கும் வேலை வாங்கித் தந்தார். அவர்கள் அதைப் ‘பெற்றோல் செற்’ என்பார்கள். வாடகைக்கு இருப்பவனுக்குக் குசினியில் பேச்சு குறைவு, கண்ணுக்கு வேலை அதிகம். வீட்டில் பாதி, வேலையில் பாதி என்று அந்த எண்பத்து நான்கு நாட்களை இப்படித்தான் பார்த்தேன்.

அண்ணைக்கு ஐம்பத்து நான்கு வயது. சீனி வருத்தம் வந்து நான்கு வருடம். யாழ்ப்பாணத்தார் வாயில் நோய் என்றாலே வருத்தம்தான், பொருத்தமான சொல். 86 கிலோ இருந்தார். ஜீபியிடமிருந்து, அதாவது குடும்ப மருத்துவரிடமிருந்து, கடிதம் வந்தது: பன்னிரண்டு வாரம் வழக்கமான சாப்பாடு கிடையாது, நாளுக்கு 800 முதல் 900 கலோரிக்குள் ஷேக்கும் சூப்பும் மட்டும், பிறகு படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திரும்புதல், மொத்தம் ஒரு வருடத் துணை. இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை இதை இலவசமாகத் தருகிறது, பாக்கெட்டுகளுக்கும் காசில்லை. நோய் கண்டுபிடித்து ஆறு வருடத்துக்குள் இருக்கவேண்டும். வெள்ளைக்காரருக்கு உடல் நிறை எண் 27 இருந்தால்தான் சேர்ப்பார்கள், நம்மைப் போன்ற ஆசியருக்கு 25 போதும். நம் உடம்புக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது.

2025 ஜனவரி 14 பொங்கல். சர்க்கரைப் பொங்கலை ஒரு கரண்டி அளவு வாயில் வைத்துச் சுவைத்துவிட்டு, மறுநாள் தொடங்கினார். ஜீபி சொன்னபடி சர்க்கரை மாத்திரை அன்றோடு நின்றது.

அண்ணையின் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அழுதார். சத்தம் போட்டு அழவில்லை, வெங்காயம் உரிக்கிற சாக்கில்.

“தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வில சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில ஒரு றாத்தல் பாணை ஆறு பேர் பிச்சுத் திண்டனாங்கள். இஞ்ச வந்து சோறு கறியை வைச்சுக்கொண்டு ஏனப்பா பட்டினி கிடக்கிறியள்?”

அண்ணை பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? 1995 அக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியபோது, யாழ்ப்பாணம் முழுக்க வீடுகளைப் பூட்டிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அந்த மழையில் நடந்தவர்களுக்குச் சோறு என்பது வெறும் சோறு இல்லை. அதைத் தள்ளிவைப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பது அக்காவுக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்காத நாளில்லை.

மகள்தான் தாயை உட்காரவைத்துப் பேசினாள். ஏ லெவலில் உயிரியல் படிக்கிறாள். நியூகாசிலில் ராய் டெய்லர் என்ற பேராசிரியர் பல வருடமாகச் செய்த ஆய்வை ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். ஈரலில் கொழுப்பு, அங்கிருந்து வழிந்து பான்கிரியாஸில் கொழுப்பு. “சதையி” என்று அண்ணை இடையில் திருத்தினார், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த சொல். எங்களுக்கு அது கணையம். அந்தச் சதையியில் இருந்து போகவேண்டிய கொழுப்பு ஒரு கிராமுக்கும் குறைவு. அது போனால் இன்சுலின் திரும்பச் சரியாகச் சுரக்க வாய்ப்பிருக்கிறது. அந்த ஒரு கிராம் போவதற்காக உடம்பு முழுக்கக் கிலோ கிலோவாக இறக்கவேண்டும். ஸ்காட்லாந்திலும் டைன்சைடிலும் 49 ஜீபி நிலையங்களில் சோதித்து 2017 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். இந்த முறையில் சேர்க்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடம் கழித்துச் சர்க்கரை மாத்திரை இல்லாமலே அளவுக்குள் நின்றது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் வருட முடிவில் 46 என்பது 36 ஆனது. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும். அதனால்தான் அந்த ஆய்வில் செவிலியரோ உணவியல் நிபுணரோ கடைசி வரை கூடவே இருந்தார்கள்.

அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தினை நாள்?” என்றார். அப்போதுதான் மகள் அந்தத் தாளை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தாள்.

முதல் வாரம் தலைவலி. இரண்டாம் வாரம் வயிறு போகவில்லை. தண்ணீரைக் கூட்டு, நார்ப்பொடி சேர் என்று திட்டத்தின் வழிகாட்டி போனில் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலே குளிர். உள்ளே எரிய விறகு குறைந்தால் கைகால் சில்லிட்டுப் போகும். ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள் கம்பளித் தொப்பியோடு திரிந்தார். அந்த நாட்களில் ஒன்று கவனித்தேன். மாலையானால் இந்தக் குசினியில் கடுகும் கறிவேப்பிலையும் பொரிகிற மணம் மாடி வரை வரும். அது நின்றுபோயிருந்தது. அண்ணை மதியம் வேலைக்குக் கிளம்பிக் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் அக்கா அடுப்பை மூட்டுவார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அந்த ஜனவரிக் குளிரில் கோட்டுப் போட்டுக்கொண்டு, தாளித்து இறக்கி, பாத்திரங்களை மூடிவிடுவார். அடுப்படியில் நின்றபடியே தட்டைக் கையில் வைத்துச் சாப்பிடுவார். அண்ணை வரும்போது வீட்டில் மணம் இருக்காது. இதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டு நான் கேட்டதில்லை. அவருக்குத் தெரியுமா என்றும் அப்போது எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமைதோறும் மடிக்கணினியில், இதே திட்டத்தில் சேர்ந்தவர்களின் குழுக் கூட்டம். பன்னிரண்டு முகங்கள். பஸ் ஓட்டுகிறவர், பள்ளிக்கூட உதவியாளர், இன்னும் ஓய்வு பெறாத ஒரு தச்சர். யாரும் யாருக்கும் உறவில்லை. ஆறாவது வாரம் எடை அசையவே இல்லை. அன்று அண்ணை மைக்கைத் திறந்து, தனக்கு வருகிற ஆங்கிலத்தில், வெள்ளிக்கிழமை வேலையிடத்தில் ஒரு மீன் கட்லட் சாப்பிட்டுவிட்டேன் என்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், குழாயை மூடிவிட்டேன். வழிகாட்டிப் பெண் ஏன் சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. “அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது?” என்றுதான் கேட்டார். அண்ணை யோசித்தார். ஊரிலிருந்து போன் வந்தது, அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லையாம் என்றார். அப்போது தச்சர் பேசினார். அவரும் அந்த வாரம் பேரனின் தட்டில் மிஞ்சிய மீன் துண்டுகளைத் தின்றுவிட்டாராம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று. இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் காலை ஷேக்கரின் சத்தம் வழக்கமான நேரத்துக்குக் கேட்டது.

மார்ச் தொடக்கத்தில் ஒரு சாமத்திய வீடு, எங்கள் பக்கத்து மஞ்சள் நீராட்டு விழா. இல்ஃபோர்ட் பக்கம் மண்டபம், ஆயிரம் விளக்கு, மேசைக்கு மேசை ரோல்ஸும் பற்றீஸும். என்னையும் அழைத்துப் போனார்கள். அண்ணையின் பழைய சட்டை தோளில் தொங்கியது. ஒருவர் எட்டிப் பிடித்தார்.

“என்னப்பா, காஞ்சு போனாய்! ஏதும் வருத்தமோ? மா கரைச்சுக் குடிச்சா உப்பிடித்தான். இந்தா, ஒண்டு எடு.”

கையிலிருந்த தட்டை அண்ணையின் நெஞ்சுக்கு நேரே நீட்டிக்கொண்டே நின்றார். அவர் கெட்டவர் இல்லை. நம்மவர்களுக்கு ஒருவர் மேல் இருக்கிற அக்கறையைக் காட்ட வேறு வழி பழக்கமில்லை. மெலிந்தவனைக் கண்டால் பயம், பயந்தால் ஊட்டு. நீட்டுகிற தட்டை மறுத்தால் ஆளையே மறுத்ததாகிவிடுகிறது. அண்ணையின் கை மெல்ல மேலே எழும்புவதைப் பார்த்தேன்.

அக்கா குறுக்கே வந்தார். “அவருக்கு வேண்டாம்.”

“ஒண்டுதானே தங்கச்சி...”

“நான் சொல்லுறன் அண்ணை, வைக்காதேங்கோ. அவர் பெரிய வேலை ஒண்டு செய்துகொண்டிருக்கிறார்.”

தட்டு இறங்கியது. அக்கா தன் கைப்பையைத் திறந்தார். சின்னப் போத்தலில் வெந்நீர், ஷேக்கர், நேராக வெட்டி மடித்து வைத்த பாக்கெட். அதை ஏற்கெனவே வெட்டியே கொண்டு வந்திருந்தார். மண்டபத்தின் நடுவில், நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்க, அவரே குலுக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதே மனிதர் போன் செய்தார். தனக்கும் சீனி இருக்கிறது, இந்தப் பொடி கடையில் கிடைக்குமா என்று. இன்சுலின் போடுகிறவர். “ஜீபியிட்டைக் கேளாமல் ஒண்டையும் தொட்டிடாதை. உன்ர மருந்துக்கு இது சரிவராது, சீனி சடாரெண்டு இறங்கிப் போடும்” என்று அண்ணை மூன்று தடவை சொன்னார். காரை ஓரமாக நிறுத்தி வைத்துச் சொன்னார்.

அந்த மாதம் ரமலான் நோன்பு. பங்கில் எங்களோடு வேலை செய்கிற ஒருவர் வங்கதேசத்துச் சில்ஹட்காரர், அண்ணையைவிடப் பத்து வயது இளையவர். சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்குக் கடைக்குள் சாசேஜ் ரோல் சூடாகிற மணம் பரவும். அந்த நேரம் இருவரும் வெளியே வந்து காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். ஒருவர் கடவுளுக்காகப் பசித்திருக்கிறார், ஒருவர் சதையிக்காக. பெரிதாகப் பேசமாட்டார்கள். வருகிற கார்களைப் பார்ப்பார்கள். நேரம் என்ன என்று ஒருவர் கேட்பார், இன்னும் எவ்வளவு என்று மற்றவர் சொல்வார். மார்ச் நடுவில் ஆறு மணி தாண்டியதும் சூரியன் இறங்கும். கவுண்டருக்குப் பின்னால் சில்ஹட்காரர் பேரீச்சம்பழத்தை எடுக்கும்போது அண்ணை சூப்பைக் கலக்குவார். முன்பெல்லாம் ஐந்து மணிக்கே குடித்துவிடுவார். அந்த மாதம் முழுக்க அவருக்காக ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார். பழத்தை அவர் நீட்டியதில்லை, சூப்பை இவர் நீட்டியதில்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒரே நேரத்தில் வாயில் வைத்தார்கள்.

பெருநாள் முடிந்து வந்த சனிக்கிழமை, அவர் வீட்டுப் பிரியாணி எல்லோருக்கும் வந்தது. எனக்கு ஒரு பெட்டி, மேலாளருக்கு ஒன்று, காலை வேலைக்காரர்களுக்கு இரண்டு. அண்ணையிடம் வந்து வெறுங்கையை விரித்தார்.

“உங்களுக்குக் கொண்டு வரவில்லை.”

அண்ணை அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. அந்த மூன்று மாதத்தில் அண்ணையின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஏப்ரல் 8, எண்பத்து நான்காவது கட்டம். 73.8 கிலோ. பன்னிரண்டு கிலோ இறங்கியிருந்தது. ரத்தப் பரிசோதனை இன்னும் வரவேண்டும், ஒரு தடவை சரியாக வந்தால் போதாது, மாதக்கணக்கில் நிற்கவேண்டும். மகள் தாளைக் கழற்றப் போனாள். கிடக்கட்டும் என்றார். அடுத்த வாரங்களில் ஒரு நாளைக்கு ஒரு வேளை சாப்பாடு, மற்ற வேளைக்குப் பாக்கெட், அப்படித்தான் ஏணிப்படி.

ஏப்ரல் 14, சித்திரை வருஷம். அன்றைய ஒரு வேளையை அண்ணை மதியத்துக்கு வைத்துக்கொண்டார். நான் தண்ணீர் எடுக்கக் கீழே வந்தேன். குசினி ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. மேசையில் சின்னத் தட்டு, அதில் இரண்டு இடியப்பம், முருங்கையிலைச் சொதி, ஒரு துண்டு மீன், பாதித் தட்டுக்குக் கீரையும் வெள்ளரியும். அக்கா பரிமாறிவிட்டு வழக்கம்போல அடுப்படிக்குப் போய், தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

அண்ணை இடியப்பத்தைத் தொடவில்லை. பக்கத்து நாற்காலியைக் காலால் வெளியே இழுத்தார்.

“எண்பத்து நாலு நாளாய் நிண்டுகொண்டு சாப்பிட்டது எனக்குத் தெரியும். நீரும் இரும்.”

அக்கா கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தபடியே நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார். நான் தண்ணீர் எடுக்காமல் மாடிக்குத் திரும்பினேன்.