அமுச்சி ஊர்க் கிணறு

கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் நடுவே, நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கிறது சாமளாபுரம். என் அமுச்சி ஊர். சோமனூரில் பஸ் மாறி ஊருக்குள் நுழைந்தால் 'டடக் டடக்' என்று விசைத்தறிச் சத்தம்தான் முதலில் வரவேற்கும். ஆற்றுத் தண்ணீர் தேங்கும் பெரிய குளம் ஒன்று உண்டு. மழை பெய்த வருஷமானால் பறவைகள் கூட்டமாக வந்து இறங்கும்.

போன மாசம் போனபோது மாமா தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் வெறும் பாறை!

அமுச்சி காலத்தில் அதில் கவலை பூட்டி மாடுகளை வைத்து இறைப்பார்கள். வெயில் ஏறினால் மாடு களைத்துவிடும். அதற்குள் கிணறும் ஊறிக்கொள்ளும். இருக்கிற தண்ணிக்குத் தக்க ராகி, மேட்டுக்காட்டில் மானாவாரிச் சோளமும் கொள்ளும். மழை ஏமாற்றினால் ஒரு வெள்ளாமை போகும், அவ்வளவுதான்.

அப்புறம் கரண்ட் மோட்டார் வந்தது. மாடு களைக்கும், மோட்டார் களைக்குமா? 1990 வாக்கில் விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்தது. கிணறு வற்ற வற்ற, போர் போட்டு இன்னும் ஆழத்துக்குப் போனார்கள்.

களை எடுக்க வந்த பெண்களும் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். நிழலில் வேலை, வாரச் சம்பளம். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஆள் கிடைக்காததால் மாமா சோளத்தை விட்டுத் தென்னை வைத்தார்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பாதிகூடப் பெய்யவில்லை. அத்தை தன் ஆறு பவுன் சங்கிலியை அடகு வைத்து இன்னொரு போர் போட்டார். புகைதான் பறந்தது! மரங்கள் ஒவ்வொன்றாகக் குருத்து சாய்ந்தன.

"சோளம் காஞ்சா அடுத்த மழைக்கு வெதச்சுக்கலாம் அம்மிணி. தென்னை காஞ்சா அஞ்சாறு வருசப் பாடல்லொ போயிருது!" என்றார் அத்தை.

அந்த வருஷம் அடுப்பெரிந்தது மாமா மகனின் தறிக் கூலியால்தான். ஆளைக் கூட்டிப் போன தறியே சோறும் போட்டது! சங்கிலியை மீட்க மட்டும் மூன்று வருஷம் ஆயிற்று.

இப்போது மிஞ்சிய மரங்களுக்குச் சொட்டுநீர். சுற்றிலும் குழி வெட்டித் தேங்காய் உரிமட்டையைப் பதித்திருக்கிறார் அத்தை. ஈரம் சீக்கிரம் காய்வதில்லையாம். அரை ஏக்கரில் மறுபடி சோளமும் விதைத்திருக்கிறார்.

வரவுக்குத் தக்க செலவு என்று நாம் வீட்டில் பார்க்கிறோமே, தண்ணீருக்கும் அந்தக் கணக்குதான், சகோதரிகளே. மாடு களைத்தபோது நின்ற கவலை, அந்தக் கணக்கைத்தான் அன்று நமக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது.