வாத்தியாருக்கு வாத்தியார் யார்?

திருவண்ணாமலை மாவட்டத்துக்கான ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் எங்கள் கீழ்பென்னாத்தூரில்தான் இருக்கிறது. 'டயட்' என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பாடம் நடத்தும் முறையை அங்கே கற்றுக்கொள்ளலாம். ஆனால் வேலைக்குச் சேரும் இடைநிலை ஆசிரியருக்கு இன்னொரு பயிற்சி, பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடக்கிறது. "காலனிப் பசங்களுக்கு இவ்வளவுதான் வரும், ரொம்ப மெனக்கெடாதீங்க சார்." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்தவர் சொல்லும் இந்த ஒரு வரி போதும். அந்த 'இவ்வளவுதான்' பசங்களாக இருந்து வந்தவர்கள்தான் தோழர்களே, நாங்கள்.

அதனால் ஓய்வு பெற்றவர்கள் புதியவர்களுக்கு வழிகாட்டட்டும் என்று சொன்னால், எந்த ஓய்வு பெற்றவர் என்றுதான் முதலில் கேட்போம். ஒன்றிய அரசு 2022 ஜூலையில் தேசிய வழிகாட்டுதல் இயக்கத்தை வெள்ளோட்டம் விட்டது, 30 மத்தியப் பள்ளிகளில். கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சிபிஎஸ்இ பள்ளிகள். (தமிழ்நாட்டில் நவோதயாவே கிடையாது.) ஆதிதிராவிடர் நலப் பள்ளி அந்தக் கணக்கில் வரவில்லை.

எங்கள் தெருவில் ஓர் ஐயா இருக்கிறார். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் இளம் ஆசிரியர்கள் அவரிடம்தான் உட்கார்கிறார்கள். பொங்கல் முடிந்து செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளையை 'இடைநிற்றல்' என்று எழுதுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போ, எந்தச் சூளை என்று பாட்டியிடம் கேள், அங்கே பக்கத்துப் பள்ளிக்குப் போன் போடு என்பார். உதவித்தொகைக்கு வகுப்பில் "எஸ்சி பசங்கள்லாம் எழுந்திரு" என்று கூப்பிடக் கூடாது, தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்பார். நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் இதையே பரிந்துரைத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்றும் சொன்னது. ஐயா எந்த அறிக்கையும் இல்லாமல் முப்பது வருடம் அப்படித்தான் செய்தார். எழுந்து நின்ற பிள்ளையாக இருந்தவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புது ஆசிரியர்களுக்கான ஒவ்வொரு பயிற்சியிலும் இப்படிப்பட்டவர்களைக் கருத்தாளர்களாக உட்காரவைக்க வேண்டும், மதிப்பூதியத்தோடு. சேவை என்று சொல்லி எங்கள் பெரியவர்களிடம் மட்டும் இலவசமாக வாங்கிக்கொள்வது போதும்.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். தேடிப் போங்கள். சாயங்காலமாகப் போங்கள், ஆரம்பித்தால் இரண்டு மணி நேரத்துக்கு நிறுத்தமாட்டார்கள்.