கையெழுத்துக்கு ஒரு நிறம்

என் தொழிலில் எல்லாமே கறுப்பு வெள்ளைதான். கறுப்புக் கோட்டு, கறுப்பு கவுன், கழுத்தில் வெள்ளைப் பட்டை, கறுப்பிலோ வெள்ளையிலோ ஒரு சேலை. சித்திரை வெயிலிலும் இதில் பெரிய மாற்றமில்லை. வீடும் அலுவலகமும் ராஜபாளையத்தில். வழக்குகளில் பாதி ஸ்ரீவில்லிபுத்தூரில். மாவட்டத்துக்குப் பெயர் விருதுநகர் என்றாலும், மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஆண்டாள் ஊரில்தான். இடையில் உள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை இருபது வருடமாகப் பேருந்தில் கடந்துகொண்டிருக்கிறேன். உடுத்துவதில் சொந்த ஆசைக்கு இடமில்லாத வேலையில், நானாகத் தேர்ந்தெடுக்க மிச்சமிருப்பது பேனாவில் ஊற்றும் மை ஒன்றுதான்.

இந்தக் காலத்தில் யார் மை பேனாவில் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். வக்காலத்து, மனு, அஃபிடவிட் என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். சில நாள் ஐம்பது, அறுபது கூட ஆகிவிடும். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி அழுத்தி மணிக்கட்டு வலி வந்ததும், மை பேனாவுக்குத் திரும்பினேன். அதை அழுத்த வேண்டியதில்லை. காகிதத்தில் வைத்தால் போதும், தானே ஓடும். பேனா வாங்குவது ஒரு சாயங்கால வேலையாக முடிந்துவிட்டது. எந்த மை என்று முடிவு செய்யத்தான் ஏழெட்டு மாதம் பிடித்தது.

எனக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். பார்த்தவுடன் 'இது இன்னார் போட்ட கையெழுத்து' என்று தெரிய வேண்டும். அதே சமயம் நீதிபதியோ வங்கி மேலாளரோ புருவத்தைத் தூக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒரே பாட்டிலில் கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

குமாஸ்தா அண்ணனின் தீர்ப்புகள்

சின்னச் சின்ன சாம்பிள் பாட்டில்களாக வாங்கி, ஒரு பழைய நோட்டில் நிறத்துக்கு ஒரு வரி எழுதி வைத்தேன். அதை முதலில் பார்த்தவர் எங்கள் குமாஸ்தா அண்ணன். நாற்பது வருடமாகக் கோர்ட்டுக் காகிதம் பார்த்த கண்.

பச்சையைப் பார்த்ததும் சிரித்தார். "என்னம்மா, கெஜட்டட் ஆபீசர் ஆயிட்டீங்களா?" நம் ஊரில் பச்சை மை என்றால் அதிகாரியின் கையெழுத்து என்று மனதில் பதிந்துவிட்டது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேடு, கோப்புகளில் நீலமோ கறுப்போதான் பயன்படுத்தச் சொல்கிறது. பச்சையும் சிவப்பும் இணைச் செயலாளர், அதற்கு மேற்பட்டவர்களுக்கு, அதுவும் அபூர்வமாக. சாதாரண ஜனங்கள் பச்சையில் எழுதக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் நமக்கில்லாத பதவியைக் காகிதம் சொல்லிக்கொண்டிருக்கும்.

சிவப்புக்கு அவர் வாயே திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். வாத்தியார் திருத்திய பரீட்சைப் பேப்பர் ஞாபகம் யாருக்குத்தான் வராது? மரூன் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் அதுவும் சிவப்பாகத்தான் தெரிந்தது.

ஊதா அழகு. அதில் கையெழுத்துப் போட்டு, அதன் மேல் என் ரப்பர் ஸ்டாம்பைக் குத்திக் காட்டினார் அண்ணன். ஸ்டாம்ப் பேடும் ஊதா, மையும் ஊதா. கையெழுத்து எங்கே, முத்திரை எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மயில் நீலத்தை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினோம். பாதிக் கோடுகள் காணாமல் திரும்பி வந்தன. மனுக்களை ஸ்கேன் செய்து ஏற்றும் காலத்தில் இது ஆகாது. பழுப்பு நிறம் ஜெராக்ஸில் நன்றாகவே விழுந்தது. "ஆனா புதுக் காகிதத்துலயும் அம்பது வருஷப் பழசு மாதிரி இருக்கும்மா, எதிர்க்கட்சி வக்கீல் கேள்வி கேப்பாரு" என்றார். நியாயம்தான்.

சுத்தக் கறுப்பில் வேறு ஒரு சிக்கல். கறுப்புக் கையெழுத்தையும் அதன் ஜெராக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அசல் எது நகல் எது என்று சட்டென்று சொல்ல முடியாது. காசோலையில் கறுப்பு மையே கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டதாக 2025 ஜனவரியில் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றியது, ஞாபகம் இருக்கிறதா? அது பொய் என்று அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அறிவித்தது. வங்கிகள் கேட்பது வேறு. இப்போது காசோலை ஊர் ஊராகப் பயணம் போவதில்லை, அதன் படம்தான் போகிறது. அதனால் படத்தில் தெளிவாக விழுகிற, அழியாத மையாக இருக்க வேண்டும்.

டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதம்

நிறத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த என்னை, மையின் ஆயுளைப் பற்றி யோசிக்க வைத்தது ஒரு வழக்கு. ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் குடும்பம். எழுபது வயது அம்மா ஒருவர் மஞ்சப்பையில் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். அவருடைய கணவரும் கணவரின் தம்பியும் வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டபோது எழுதிய கூர்சீட்டு. டிரங்குப் பெட்டியில் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். ஒரு ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. விவரங்கள் எல்லாம் பால்பாயிண்டில் எழுதியவை, அப்படியே இருந்தன. கையெழுத்துகள் மட்டும் மை பேனாவில் போட்டவை. அந்த இடத்தில் இரண்டு வெளிர்நீலத் திட்டுகள்தான் மிச்சம்.

"எங்க கொழுந்தனார் கையெழுத்துதான் தாயி இது. பக்கத்துல நின்னு பாத்தவ நான். கோர்ட்டுக்கு அத எப்படிச் சொல்ல?" என்றார்.

பதிவு செய்யாத கூர்சீட்டுக்குச் சட்டத்தில் எவ்வளவு மதிப்பு என்பது தனி வாதம். கையெழுத்து நிபுணரிடம் அனுப்பவாவது கையெழுத்து என்று ஒன்று இருக்க வேண்டுமே! கொழுந்தனார் காலமாகிவிட்டார். அவர் பிள்ளைகள் 'எங்களுக்குத் தெரியாது' என்றார்கள். கடைசியில் சமரசத்தில் முடிந்தது. அந்த அம்மா கேட்ட பின்கட்டில் பாதிதான் கிடைத்தது.

அந்தக் கையெழுத்து கரைந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் கொட்டினாலும் துவைத்தால் போக வேண்டும் என்றே சில நீல மைகளைத் தயாரிக்கிறார்கள். பாட்டிலில் 'வாஷபிள்' என்று போட்டிருக்கும். நோட்டுப் புத்தகத்துக்கு அது நல்ல மை. கையெழுத்தோ, போட்டவர் பக்கத்தில் இல்லாதபோது, சில சமயம் உயிரோடே இல்லாதபோது, அவருக்காகப் பேச வேண்டியது. அதற்குப் பிறகு என் நோட்டில் நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்ந்தது: தண்ணீர் பட்டால் நிற்குமா?

மாசிக்காய் தந்த விடை

அந்தக் கட்டத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியது நீலக்கறுப்பு. நம் அப்பாக்கள் 'ப்ளூ பிளாக்' என்று கேட்டு வாங்கிய அதே மைதான். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சுவையான ரசாயனம் இருக்கிறது.

பிள்ளைக்கு உரைமருந்து உரைத்துக் கொடுத்திருக்கிறீர்களா? அதில் வசம்பு, ஜாதிக்காயோடு மாசிக்காயும் இருக்கும். ஓக் மரத்தில் ஒரு வகைப் பூச்சி முட்டையிட்ட இடத்தில் உருண்டையாகப் புடைத்து வளர்வதுதான் அது. துவர்ப்பு அதிகம். அந்தத் துவர்ப்பும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்ந்தால் மை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பத்திரம், சாசனம், கடிதம் எல்லாம் இதில்தான் எழுதினார்கள். தலைக்குப் பூச நெல்லிப் பொடியை இரவில் இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் காலையில் கறுத்திருக்கும் இல்லையா? அதே விஷயம்தான்.

எழுதும்போது இந்த மை வெளிறித்தான் இருக்கும். காற்றுப் பட்ட பிறகு இரும்பு மாறி, காகிதத்தின் நாரோடு பிடித்துக்கொண்டு கறுக்கும். எழுதுவது உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று அதில் நீலச் சாயம் சேர்த்தார்கள். அதனால் நீலமாகப் பிறந்து கறுப்பாக வளர்கிறது. இங்கிலாந்தில் 2021 வரை திருமணப் பதிவேடுகளில் இந்த வகை மையில்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

இன்று 'நீலக்கறுப்பு' என்று விற்பதெல்லாம் இந்த வகை என்று நினைத்துவிடாதீர்கள். பலவற்றில் வெறும் சாயம்தான். ஜெர்மனியின் பெலிக்கான் 4001 நீலக்கறுப்பு, ரோரர் அண்ட் கிளிங்னர் நிறுவனத்தின் சாலிக்ஸ், இங்கிலாந்தின் டயமைன் ரெஜிஸ்ட்ரார்ஸ் ஆகியவை இரும்பு சேர்ந்தவை. ஜப்பானின் செய்லர் செய்போகு வேறு ரகம். நுண்ணிய நிறமித் துகள்களால் ஆனது, தண்ணீருக்கு அசையாது. நம் நாட்டிலும் நல்ல மைகளுக்குக் குறைவில்லை. கேம்லின் 1931-லும், சுதேசி உணர்வில் வங்காளத்தில் சுலேகா 1934-லும் தொடங்கியவை. கேரளத்தில் தயாராகும் கிருஷ்ணா மைகளும் கிடைக்கின்றன. எதுவானாலும் லேபிளை மட்டும் நம்பாமல், வீட்டில் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டிலேயே ஐந்து சோதனை

முதலில், நீங்கள் தினமும் எழுதும் காகிதத்திலேயே எழுதிப் பாருங்கள். கோர்ட் பேப்பர், லெட்ஜர், சாதா ஜெராக்ஸ் தாள் மூன்றிலும் ஒரே மை மூன்று விதமாக நடக்கும். ஊறிப் பரவினால் மெல்லிய நிப்புக்கு மாறுங்கள். இன்னொன்று: எண்ணெய் பட்ட தாளில் எந்த மையும் ஒட்டாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் பத்திரத்தையும் ஒரே பையில் கொண்டுவரும் கட்சிக்காரர்களிடம் இதை நான் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, எழுதி ஒரு நாள் கழித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து ஒற்றி எடுங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் பாஸ்.

மூன்றாவது, வெயில். எழுதிய தாளில் பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் இரண்டு வாரம் ஒட்டி வையுங்கள். பிறகு அட்டையை எடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

நான்காவது, ஜெராக்ஸும் ஸ்கேனும். கோடு விடுபடாமல் வருகிறதா?

ஐந்தாவது, உலரும் நேரம். பத்து எண்ணிவிட்டு விரலால் தேயுங்கள். வியர்க்கும் ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு இது முக்கியம். ரெவின்யூ ஸ்டாம்ப் போன்ற வழவழப்பான பரப்பில் இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

கடைசியாகப் பேனாவுக்கும் இரண்டு வார்த்தை. இரும்பு சேர்ந்த மையும் நிறமி மையும் பேனாவுக்குள் காய்ந்துவிடக் கூடாது. தினமும் எழுதுங்கள், மாதம் ஒருமுறை சாதாத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவியதும் நிப்பைத் துணியில் வைத்து ஈரத்தை உறிஞ்சவிடுங்கள். எங்கள் ஊரில் பேண்டேஜ் துணிக்குப் பஞ்சமா என்ன! இரண்டு கம்பெனி மையை ஒன்றாகக் கலக்காதீர்கள். படம் வரையும் இந்தியன் இங்க், ஸ்டாம்ப் பேட் மை இரண்டையும் பேனாவில் ஊற்றவே கூடாது, அடைத்துக்கொள்ளும். நிப் தயாரிப்புக்கு ஒரு காலத்தில் பெயர் பெற்ற சாத்தூர் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அடைத்துப்போன பேனாவைச் சரிசெய்ய இன்று ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது இரும்பு சேர்ந்த நீலக்கறுப்பு. கூட்டத்தில் தனியாகத் தெரியாது. அதிகாரி மாதிரியும் காட்டாது, வாத்தியார் மாதிரியும் காட்டாது. ஆனால் போன மாதம் ஒரு கட்டில் அசலும் நகலும் கலந்துபோனபோது, குமாஸ்தா அண்ணன் தாள்களை வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். ஜெராக்ஸ் கறுப்பு ஒரே சீராக இருந்தது. என் கையெழுத்தில் ஓரம் மட்டும் லேசாக நீலம். அசல்களை மட்டும் கடகடவென்று உருவி எடுத்துவிட்டார். எனக்கு வேண்டிய அடையாளம் அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் கையால் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் இருக்கும். கடன் சீட்டு, பாக முறி, தாத்தா எழுதி வைத்த குறிப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து பாருங்கள். மை வெளிறத் தொடங்கியிருந்தால், கையெழுத்துத் தெரியும்போதே கலரில் ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டு, அசலை ஈரம் படாத இடத்துக்கு மாற்றுங்கள். சம்பந்தப்பட்டவர்கள் நல்லபடியாக இருக்கும்போதே புதிதாக எழுதிப் பதிவு செய்துகொள்ள முடியுமா என்று ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.