பல்ப் சுத்தமாக இருந்தாலும்...

வயிற்றிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வெளியே வந்து, நுனியில் சின்ன மாதுளங்காய் மாதிரி ஒரு பல்ப் தொங்கினால் யாருக்குத்தான் பயம் வராது! போன வருஷம் என் நாத்தனார் அப்படித்தான் எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்தாள்.

அவளுக்கு அது இரண்டாவது எடைக் குறைப்பு ஆபரேஷன். முதலில் செய்தது 'ஸ்லீவ்'. இரைப்பையில் பெரும் பகுதியை வெட்டியெடுத்து, மிச்சத்தை வாழைப்பழம் போல் ஆக்கிவிடுவார்கள். நன்றாக இளைத்தாள். இரண்டு பிரசவத்துக்கப்புறம் எடை திரும்ப ஏறிவிட்டது. சர்க்கரை, நெஞ்செரிச்சல் வேறு. அதனால் இம்முறை 'பைபாஸ்'. "வாயைக் கட்டத் தெரியாதவ" என்று தெருவில் பேசினார்கள். சொல்கிறவர்களுக்கென்ன!

எங்களுக்கும் உள்ளூர உதறல்தான். 2024 ஏப்ரலில் நம் புதுச்சேரிப் பையன் ஒருவர், 26 வயசு, சென்னை பம்மலில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன இடத்தில் இறந்துபோனாரே, அது மறக்குமா?

மறு ஆபரேஷனில் பழைய தழும்பால் உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடக்கும், தையல் கசியும் ஆபத்து முதல் தடவையைவிட அதிகம் என்றார் டாக்டர். முதல் ஆபரேஷனுக்கு இப்போது பல இடங்களில் குழாயே வைப்பதில்லையாம். அதனாலேயே வலி, கிருமித் தொற்று வரலாம், அடைத்தும் கொள்ளும். மறுமுறை என்றால் பல டாக்டர்கள் வைக்கிறார்கள்.

பல்பைப் புண்ணுக்குக் கீழேயே இருக்கும்படி நைட்டியில் பின் குத்தி வைப்பேன். கையை சோப்புப் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து, அளவு டம்ளரில் ஊற்றி, பல்பைக் காற்றில்லாமல் அமுக்கி மூடணும். நேரம், மில்லி, நிறம் மூன்றையும் பால் கணக்கு நோட்டில் எழுதினேன். சிவப்பு வெளுத்து ரோஸாகி, பிறகு வைக்கோல் மஞ்சளானால் நல்லது. பச்சை, கலங்கல், நாற்றம், திடீர் ரத்தம், குடித்த மோரே குழாயில் வருவது, இதில் எது வந்தாலும் உடனே ஓடணும். ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றாலும் சொல்லணும்; அடைப்பாக இருக்கலாம்.

ஏழாம் நாள் ராத்திரி பல்பில் 15 மில்லி, தெளிந்த மஞ்சள். ஆனால் அவள், "அண்ணி, நெஞ்சு படபடங்குது, இடது தோள் வலிக்குது" என்றாள். கடிகாரம் வைத்து நாடி எண்ணினேன்: 126. "பல்ப் சுத்தமாத்தானே இருக்கு, காலையில போலாமே" என்றார் என் வீட்டுக்காரர். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா சொன்னது என் காதிலேயே இருந்தது: "குழாயை மட்டும் நம்பாதீங்கம்மா. கசிவு வேற பக்கம் தேங்கினா குழாய்க்குத் தெரியாது. நாடி 120 தாண்டினா நேரம் பாக்காம வந்துடுங்க."

பதினோரு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். ஸ்கேனில், குழாய் எட்டாத மூலையில் கசிவு தேங்கியிருந்தது. ஸ்கேன் பார்த்தபடியே இன்னொரு குழாய் போட்டு வடித்தார்கள். வாய் வழியே ஒன்றுமில்லை, ஊசி மருந்துகள், பதினெட்டு நாள் படுக்கை. கசிவு தானாக மூடிக்கொண்டது.

இப்போது சாயங்காலம் பீச் ரோடில் என்னைவிட வேகமாக நடக்கிறாள். அந்த நோட்டைப் புரட்டிய பால்காரர், "என்னம்மா, ஒரு நாளைக்கு 15 மில்லியா வாங்கினீங்க?" என்று கேட்டார்!