பூரணத்தின் அளவு

புதுச்சேரியில் 'சர்க்கரை சேர்க்காதது' என்று அட்டை ஒட்டிய இனிப்புகள் இப்போது எங்கும் தென்படுகின்றன. பேரீச்சம்பழ லட்டு, கேழ்வரகு பிஸ்கட், கருப்பட்டி மிட்டாய். வாங்குவோர் பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் பெரும் நீரிழிவு ஆய்வு 2023-இல் வெளியானபோது, புதுச்சேரியில் வயதுவந்தோரில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்றது. கோவா மட்டுமே நம்மை மிஞ்சியது, அதுவும் 26.4 சதவீதத்தில். நாடு முழுவதற்குமான அளவு 11.4. நான்கு பேரில் ஒருவர் என்றால் இந்த ஊரில் அநேகமாக ஒரு வீடும் தப்பவில்லை. எங்கள் வீடும்தான்.

அந்த எண்ணைப் படித்த பிறகுதான் தேட ஆரம்பித்தேன். வெள்ளைச் சர்க்கரை வருவதற்கு முன் இந்த ஊர் அடுப்பில் இனிப்பு எதைக் கொண்டு ஆனது? அது எவ்வளவு இனித்தது? முதல் கேள்விக்கு எல்லோரும் 'வெல்லம்' என்று சட்டென்று விடை சொல்லிவிடுவார்கள். இரண்டாவதற்கு விடை சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஏதாவது ஒரு பண்டத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம் என்று பூரணக் கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டேன். மணக்குள விநாயகர் இருக்கும் ஊரில் வேறு எதை எடுப்பது? பிரெஞ்சுக்காரர்கள் 1674-இல் இங்கே காலூன்றுவதற்கு முன்பே இருந்த கோயில் அது. 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்த பாரதி 'விநாயகர் நான்மணிமாலை' பாடியதும் அந்தப் பிள்ளையார்மேல்தான்.

முதலில் போனது பாகூரில் இருக்கும் பெரியம்மாவிடம். கைப்பக்குவத்தைக் கேட்டால் 'கண் அளவுதான்' என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கணக்காகச் சொன்னார்.

"பாசிப்பருப்பு ரெண்டு ஆழாக்குன்னா தேங்காத் துருவல் ஒண்ணு, வெல்லம் ஒண்ணு. எங்கம்மா அளவு அது. அதுக்கு மேல வெல்லம் போட்டா பூரணம் இளகிப் போயிடும்டி."

"இனிப்பு பத்துமா பெரியம்மா?"

"ஏன் பத்தாது? வெல்லம் காசு குடுத்து வாங்கறது. பயறு நம்ம நெலத்துல வெளஞ்சது. எதை அள்ளிப் போடுவாங்க, எதைக் கிள்ளிப் போடுவாங்க?"

நெல் அறுத்த வயலில் ஈரம் காயும் முன் பயறும் உளுந்தும் விதைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வீட்டில் எது நிறைய இருந்ததோ அதுவே பூரணத்திலும் நிறைய இருந்தது. நான் கற்றுக்கொண்ட சமையல் குறிப்புகளில் பருப்பும் வெல்லமும் சரிக்குச் சரி. சிலவற்றில் வெல்லம் கூடுதல். நடுவில் எங்கோ அளவு புரண்டிருக்கிறது.

ரோமன் ரோலன் நூலகத்தில் பத்துப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1889-இல் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த நூல். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில், இரவு முற்றி நகரம் அடங்கும் இடம் ஒன்று வருகிறது. பண்டம் விற்கும் கூவியர் தம் சரக்கோடு உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார்கள். அவர்கள் முன்னால் தேனடை போன்ற மெல்லிய அடையும், பாகும், உள்ளீடு வைத்துக் கையால் பிடித்த மோதகமும் இருக்கின்றன. அந்த உள்ளீடு என்ன என்று நச்சினார்க்கினியர் விளக்குகிறார்: பருப்பு, தேங்காய், அவற்றோடு கூட்டிய கண்டசர்க்கரை. படித்ததும் சிறிது நேரம் பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை. பெரியம்மா சொன்ன மூன்று பொருள்கள், அவர் சொன்ன அதே வரிசையில். உரைகாரர் அளவு எதுவும் தரவில்லைதான். ஆனால் பருப்பும் தேங்காயும் உள்ளீடு, இனிப்பு அதோடு சேர்வது என்று அவர் பிரித்துச் சொல்லும் முறையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

நம் தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் கரும்பாலைகளே வந்துவிடுகின்றன. ஓயாமல் இரையும் எந்திரம், பாகு காய்ச்சும் புகை, வழிப்போக்கர் வாங்கிக் குடிக்கும் சாறு. கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று ஔவையார் புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் புகழ்கிறார். ஒரு பயிரைக் கொண்டுவந்ததை மன்னர் குலத்தின் பெருமையாகப் பாடியிருக்கிறார்கள் என்றால், இனிப்பு அன்று எவ்வளவு அரிதாக இருந்திருக்க வேண்டும்!

கடலுக்கு அப்பால் இருந்தவர்களுக்கு அது இன்னும் அரிது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகளை எடுத்தார். முதல் நூற்றாண்டின் கிரேக்க மாலுமி நூலான பெரிப்ளூஸ் சொல்லும் 'பொதுகே' துறைமுகம் இதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அதே பெரிப்ளூஸ், இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும் சரக்குகளில் 'சாக்கரி' என்ற நாணல் தேனையும் சேர்த்துச் சொல்கிறது. ரோமானியரான பிளினி, அது மருந்துக்கு மட்டுமே பயன்படுவது என்று எழுதிவைத்தார். அரிதான மருந்துச்சரக்கு எப்படி வீட்டு டப்பாவில் கிலோக் கணக்கில் வந்து நிறைந்தது?

அதற்கான விடையின் ஒரு பகுதி பக்கத்திலேயே, கடலூரை அடுத்த நெல்லிக்குப்பத்தில் கிடைத்தது. பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை அங்கே 1842-இல் எழுந்தது. இந்தியாவின் மிகப் பழைய ஆலைகளில் ஒன்று. சுற்றுவட்டாரத்துக் கரும்பு வெல்லமும் பனைவெல்லமும் அங்கே போய் வெள்ளைச் சர்க்கரையாகத் திரும்பின.

மறு பகுதி எங்கள் துறைமுகத்திலேயே இருந்தது. அதை எழுதும்போது மனம் கனக்கிறது. 1848-இல் பிரான்ஸ் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1853-இல் 'ஒரேலி' என்ற கப்பல் மர்த்தினிக் போய்ச் சேர்ந்தது. 1854 டிசம்பர் 24 அன்று அதே கப்பல் குவாதலூப்பில் ஆள் இறக்கியது. ரீயூனியனுக்குப் போனவர்கள் இன்னும் அதிகம். உலகச் சந்தையில் சர்க்கரை மலிந்ததற்குப் பின்னால் அவர்கள் முதுகு இருக்கிறது. 'மலிவு' என்ற சொல்லை இனிப்போடு சேர்த்து என்னால் இப்போது இலேசாகச் சொல்ல முடிவதில்லை.

மலிந்ததும் அளவு புரண்டது. இந்த ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிக்கம் கேக்கில் ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய பழங்களும் சர்க்கரையும் தாராளம். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு துண்டு என்று வைத்திருந்தவரை அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதே தாராளம் அன்றாடப் பலகாரத்துக்கும் இறங்கிவந்ததுதான் கெடுதல்.

இதனால்தான் 'வெல்லம் போட்டால் ஆரோக்கியம்' என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கருப்பட்டியிலும் அப்படியே. இரும்பும் மற்ற தாதுக்களும் கொஞ்சம் இருக்கின்றன, மணமும் உண்டு. ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை அவை தடுத்துவிடாது. ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் சேர்ப்புச் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் என்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. ஐந்து என்பது ஏறத்தாழ 25 கிராம். வெல்லமும் தேனும் இந்தக் கணக்குக்குள் வருபவைதான். பழைய கொழுக்கட்டை நல்லதாக இருந்தது பருப்பாலும், தேங்காயாலும், ஆவியில் வெந்ததாலும், வெல்லம் கிள்ளிப் போடப்பட்டதாலும்.

வெல்லம் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். பெரிய மார்க்கெட்டில் வெல்லக் கடைக்காரர் ஒருவர் பொன்னிற உருண்டையை ஒதுக்கிவிட்டு, "அக்கா, கறுத்துக் கெடக்குதே, இத எடுத்துக்குங்க. அது பாக்கத்தான் அழகு" என்றார். கொப்பரையில் சாறு காயும்போது சுண்ணாம்பு சேர்த்து, வெண்டைத் தண்டின் வழவழப்பால் அழுக்கைத் திரட்டி நுரையாக எடுப்பது பழைய முறை. இப்போது நிறத்துக்காக 'ஹைட்ரோஸ்' என்ற வெளுக்கும் ரசாயனத்தைத் தூவுகிறார்கள். அதிலிருந்து தங்கும் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. வெளுத்த வெல்லம் என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

பெரியம்மா அளவைத் தராசில் வைத்து எழுதிக்கொண்டேன். பாசிப்பருப்பு 100 கிராம், தேங்காய்த் துருவல் 50, பொடித்த வெல்லம் 50. பருப்பை வாசம் வர வறுத்து, குழையாமல் வேகவைத்து, நீரை ஒட்ட வடித்து மசிக்க வேண்டும். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பருப்பும் தேங்காயும் சேர்த்து அடுப்பில் சுருளக் கிளறினால் பூரணம். ஏலக்காய் ஒரு சிட்டிகை. ஒரு கப் அரிசி மாவுக்கு ஒன்றேகால் கப் தண்ணீர், உப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கொதித்ததும் மாவைக் கொட்டி மூடிவைத்து, சூடு தாங்கும் பதத்தில் பிசைய வேண்டும். பதினாறு கொழுக்கட்டை வரும், பத்து நிமிடம் ஆவியில் வெந்தால் போதும். ஒன்றுக்கு வெல்லம் மூன்று கிராம் சொச்சம். மாவுப் பண்டம் என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அரிசியையும் கணக்கில் வைத்து ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மாவு பிசைய நேரமில்லாத நாட்களுக்குக் கறுப்பு எள்ளுருண்டை. எள்ளைக் களைந்து காயவைத்து, படபடவென்று பொரியும்வரை வறுத்து ஆறவிட்டு, பாதி அளவு வெல்லத்தோடு மிக்சியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். பாகு வேண்டாம், நெய் வேண்டாம். எள்ளின் எண்ணெயே பிடித்துக்கொள்ளும். உருண்டை கோலிக்குண்டை விடப் பெரிதாக வேண்டாம் என்பது பெரியம்மாவின் உத்தரவு.